வழி சொல்லாப் பயணங்கள்: மாவோயிஸ்ட் களப்பதிவுகளும் அணிகருவிகளின் சான்றும்

ஆய்வுச்சுருக்கம்

மத்திய இந்தியக் காடுகளின் மாவோயிஸ்ட் கிளர்ச்சியை உடன்நடந்து பதிவுசெய்த நூல்களுள் அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’, அல்பா ஷாவின் ‘நைட்மார்ச்’ ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இரண்டும் நடையை மையமாகக் கொண்டவை. அவை எழுதப்பட்ட காலத்திலேயே மனித நடையை எண்ணிப் பதிவுசெய்யும் அணிகருவிகளும் பரவின. இவ்விரு பதிவு முறைகளையும் எதிரெதிர் நிறுத்தி, ஒருவர் எங்கே நின்றார் என்பதைக் கொண்டு அவர் யார் என முடிவுசெய்யும் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. மலைபடுகடாமும் சிலப்பதிகாரமும் ஒப்பீட்டு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மாவோயிஸ்ட் கிளர்ச்சி, களப்பதிவு, ஆற்றுப்படை, அணிகருவி, இடச்சான்று, ஆதிவாசிகள்

முன்னுரை

1967இல் வடவங்கத்தின் நக்சல்பாரியில் தோன்றிய உழவர் கிளர்ச்சி பல பிரிவுகளாகச் சிதறியது. 2004இல் அப்பிரிவுகளுள் முதன்மையானவை இணைந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மாவோயிஸ்ட்) உருவாயிற்று. 2009இல் அக்கட்சி சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் சத்தீஸ்கர், ஜார்கண்ட் முதலிய மாநிலங்களின் காடுகளில் பாதுகாப்புப் படைகளின் பெரும் நடவடிக்கை தொடங்கியது. 2025 மே மாதம் அக்கட்சியின் பொதுச்செயலாளர் நம்பள்ள கேசவ ராவ் அபூஜ்மாட் பகுதியில் கொல்லப்பட்டார். கிளர்ச்சி ஒடுங்கிவரும் இக்காலத்தில், அது விட்டுச்செல்லும் பதிவுகளை எவ்வாறு வாசிப்பது என்னும் கேள்வி திறனாய்வுக்கு உரியதாகிறது.

இப்பதிவுகளைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வன்முறை சரியா தவறா, எழுத்தாளர் எப்பக்கம் சார்ந்தார் என்னும் இரு வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளன. அவை தேவையான வினாக்களே. எனினும் பதிவு என்னும் செயலையே அவை ஆராயாமல் விட்டுவிடுகின்றன. யார் யாரைப் பதிவுசெய்கிறார், பதிவுசெய்யப்பட்டவர் அப்பதிவுக்கு மறுமொழி கூற இடமுண்டா என்பவை இன்று புதிய அழுத்தம் பெற்றுள்ளன. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அணியப்படும் மின்னணுக் கருவிகள், அதாவது அணிகருவிகள், மனித நடையை எழுத்தின் துணையின்றியே ஆவணமாக்குகின்றன என்பதே அதற்குக் காரணம்.

வழி சொல்லும் நூலும் வழி மறைக்கும் நூலும்

நடையைப் பொருளாகக் கொண்ட இலக்கிய வகை தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீள்பவர் வறுமையுற்று எதிர்வருபவருக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. அவ்வகையுள் மலைநிலப் பயணத்தை மிக நுணுக்கமாகக் கூறுவது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டு, நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்குக் காட்டுவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் கவணில் எறியும் கற்கள், வழுக்கும் பாறைகள் என அப்பட்டியல் நீள்கிறது. வழி தவறினால் இசைக்கருவிகளை இயக்குமாறும் அது கூறுகிறது. ஓசை கேட்ட கானவர் விரைந்து வந்து கனியும் பூவும் காட்டி முன்னே நடந்து வழிப்படுத்துவர் என்பது அப்பாட்டின் உறுதிமொழி. அக்காட்டில் தன் இருப்பைப் பிறர்க்கு அறிவிப்பதே பாதுகாப்பு.

மாவோயிஸ்ட் களப்பதிவுகள் இவ்வகையின் நேரெதிர்த் தலைகீழாக்கம் எனலாம். ‘நான் சென்று வந்தேன்’ என்று அவை கூறும். ‘நீ இவ்வழி செல்’ என்று கூறா. ஊர்ப்பெயர்கள் மறைக்கப்படும்; ஆட்பெயர்கள் மாற்றப்படும் அல்லது இயக்கப் பெயர்களே வழங்கப்படும். வழி தெரிந்தால் படை வரும். ஓசை எழுந்தால் உயிர் போகும். எனவே வழியை மறைப்பது இந்நூல்களில் அழகியல் உத்தியன்று, பிறர் உயிர்குறித்த கடமை. மலைபடுகடாமின் காட்டிற்கும் இக்காட்டிற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. முன்னதில் காண்பவர் உதவுவர். பின்னதில் காண்பவர் யார் என்பதே அச்சம்.

இருபக்கமும் ஒப்பிய அடையாளங்கள்

அருந்ததி ராயின் கட்டுரை 2010 மார்ச்சில் ‘அவுட்லுக்’ இதழில் வெளிவந்து, பின்னர் 2011இல் நூலாயிற்று. 1910ஆம் ஆண்டின் பூம்கால் கிளர்ச்சியின் நூற்றாண்டு நினைவு கொண்டாடப்பட்ட வேளையில் அவர் பஸ்தர் காட்டினுள் இருந்தார். கட்டுரையின் தொடக்கத்தில் தந்தேவாடாவின் தந்தேஸ்வரி கோயிலருகே நிகழும் சந்திப்பு ஆய்வுக்குரியது. எழுத்தாளர் கேமரா, நெற்றித் திலகம், தேங்காய் ஆகியவற்றுடன் நிற்க வேண்டும். அழைத்துச் செல்ல வருபவர் தொப்பி அணிந்து, இந்தி அவுட்லுக் இதழும் வாழைப்பழமும் ஏந்தி வருவார். வந்த சிறுவனிடம் தொப்பி இருந்தது. இதழும் இல்லை, பழமும் இல்லை. இதழ் கிடைக்கவில்லை, பழத்தைப் பசியால் தின்றுவிட்டான்.

நகைச்சுவையாகவே பெரிதும் வாசிக்கப்பட்ட இப்பகுதியில் அடையாளம் பற்றிய ஒரு கொள்கை பொதிந்துள்ளது. உடலில் அணிந்தவையும் கையில் ஏந்தியவையும் இங்கே இருதரப்பும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட குறிகள். அக்குறிகள் தவறலாம், தவறியபோது பேசிச் சரிசெய்துகொள்ளலாம். பசித்ததால் பழம் இல்லை என்னும் விளக்கத்தை மற்றவர் ஏற்கிறார். குறியும் அதற்குரிய விளக்கமும் ஒரே இடத்தில், ஒரே உரையாடலில் நிகழ்கின்றன.

எனினும் ராயின் நூலுக்கு ஒரு வரம்பு உண்டு. காட்டினுள் புகுந்தபின் நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, விண்மீன் நிறைந்த இரவு, சோர்வறியா இளைஞர்கள் எனக் காட்சிகள் அடுக்கப்படுகின்றன. ஆதிவாசியின் நடை அங்கே வியப்புக்குரியதாகிறதே அன்றி, அந்நடை எங்கிருந்து எங்கே, எதன்பொருட்டு என்னும் அன்றாடக் கணக்கு பெரிதும் விரிவதில்லை. சில வாரப் பயணத்தில் கிடைப்பவை பெரும்பாலும் இயக்கத்தார் இயக்கத்தாராகவே தோன்றும் காட்சிகள். வீட்டு மனிதராக அவர்களைக் காண்பதற்கு அக்காலம் போதவில்லை.

போய்வரும் உரிமை

அவ்விடைவெளியை நிரப்புவது அல்பா ஷாவின் நூல். மானிடவியலரான இவர் ஜார்கண்டின் ஆதிவாசி ஊரொன்றில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கியவர். 2010இல் பீகாரிலிருந்து ஜார்கண்டுக்கு ஏழு இரவுகளில் 250 கிலோமீட்டர் தொலைவைக் கெரில்லாப் படையணியுடன் ஆணுடையில் நடந்தார். அவ்வணியில் பெண்ணாகவும் துப்பாக்கி ஏந்தாதவராகவும் இருந்தவர் அவர் ஒருவரே. 2018இல் வெளியான ‘நைட்மார்ச்’ அந்நடையைச் சட்டகமாகக் கொண்டு, இயக்கத்தின் முரண்களை ஆராய்கிறது.

அந்நூலின் வலிமை கோஹ்லி என்னும் புனைபெயரால் சுட்டப்படும் ஆதிவாசி இளைஞனைப் பற்றிய பகுதிகளில் உள்ளது. அவன் இயக்கத்தில் சேர்ந்ததற்குக் கொள்கைப் பிடிப்பு முதற்காரணமன்று. தேநீர்க் கடையில் பால் சிந்தியதால் தந்தையுடன் எழுந்த பூசல் அவனை வீட்டைவிட்டுக் கிளப்பியது. ஆதிவாசி இளைஞர் பலர் மாமன் வீட்டுக்குச் சென்று வருவதுபோல் படையணிக்குச் சென்றனர், சிலகாலம் இருந்து மீண்டனர், மீண்டும் சென்றனர். இயக்கம் அப்பகுதியில் வேரூன்றியதற்கு இந்த உறவுநிலை பெருங்காரணம் என்பது ஷாவின் முடிபு. அரசின் ஆவணத்தில் ‘மாவோயிஸ்ட்’, ‘பொதுமகன்’ என்னும் இரு கட்டங்களே உண்டு. ‘நைட்மார்ச்’ காட்டுவதோ அவ்விரண்டுக்கும் இடையில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் மனிதரை.

ரணஜித் குஹா 1983இல் எழுதிய ‘கிளர்ச்சி எதிர்ப்பின் உரைநடை’ என்னும் புகழ்பெற்ற கட்டுரை இங்கு நினைவுகூரத்தக்கது. நிகழ்வின்போதே அதிகாரிகள் எழுதிய கடிதங்கள், பின்னர் அவர்கள் எழுதிய நினைவுரைகள், அதற்கும் பின்னர் வரலாற்றாசிரியர் எழுதியவை என மூன்று அடுக்குகளை அவர் பிரித்துக் காட்டினார். கிளர்ச்சியாளரின் உணர்வு இவ்வடுக்குகள் ஒவ்வொன்றிலும் எவ்வாறு மறைகிறது என்பதும் அதில் விளக்கப்பட்டது. பால் சிந்திய பூசல் முதல் அடுக்கில் இடம்பெற வாய்ப்பே இல்லை. அதிகாரியின் கடிதம் ஒருவன் எங்கே கூடினான் என்பதைக் கேட்கும். ஏன் வீட்டைவிட்டு வந்தான் என்று கேளாது.

ஷாவின் நூலிலும் குறை உண்டு. நடையின் கடுமை எழுத்தாளரின் களைப்பைக் கொண்டே அளக்கப்படுகிறது. உடன்நடப்போரின் உடல் அவருடைய உடலுக்கு ஒப்புமையாகவே பல இடங்களில் பொருள்பெறுகிறது. ஆயினும் அவர் தம் அளவுகோலை மறைக்கவில்லை. அளப்பவர் யார், எவ்வளவு இடர்ப்பட்டார், எதைக் காண இயலவில்லை என்பவை நூலிலேயே உள்ளன. வாசகர் அப்பதிவை ஐயுற இடம் உண்டு. அணிகருவியின் பதிவிலிருந்து இதை வேறுபடுத்தும் முதன்மைக் கூறு இதுவே.

எண்ணப்படும் அடிகள்

நடையை எண்ணும் கருவிக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு மறு ஆண்டான 1965இல் ஜப்பானில் ‘மன்போ-கெய்’ என்னும் அடியளவி விற்பனைக்கு வந்தது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அப்பெயரின் பொருள். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கு மருத்துவ ஆய்வின் முடிவாக அன்றி விற்பனைப் பெயராகவே பரவலானது. ஃபிட்பிட் நிறுவனத்தின் முதற்கருவி 2009இலும் ஆப்பிள் வாட்ச் 2015இலும் சந்தைக்கு வந்தன. ராயும் ஷாவும் நடந்த 2010, நகர மாந்தர் தம் அடிகளை எண்ணத் தொடங்கியிருந்த காலமுமாகும்.

நகரவாசி தானே விரும்பி வாங்கி அணியும் கைக்கடிகாரம் அவர் கேட்கும்போது எண்ணிக்கையைக் காட்டுகிறது. இதய நோயாளிக்கு அது உதவுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கருவி வேறொரு கையில் வேறொரு பொருள் கொள்கிறது. 2019-20 காலத்தில் நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா முதலிய நகரங்களில் தூய்மைப் பணியாளர்கள் ஜிபிஎஸ் பொருத்திய கைக்கடிகாரம் அணியுமாறு பணிக்கப்பட்டனர். குறித்த எல்லையைவிட்டு நீங்கினால் ஊதியம் பிடிக்கப்படும் என்னும் அச்சமும், கழிப்பறைக்குச் செல்லும்போதும் தாம் நோக்கப்படுகிறோம் என்னும் கூச்சமும் அவர்களது போராட்டங்களில் வெளிப்பட்டன. இங்கே அணிபவர் அடிகளை எண்ணவில்லை. அவருடைய அடிகள் எண்ணப்படுகின்றன. பணியாளருள் மிகப் பலர் தலித் மக்கள் என்பதால், யார் நடையைப் பிறர் எண்ணலாம் என்பது சாதி சார்ந்த வினாவும் ஆகிறது. காலனியக் கிளர்ச்சிகளில் ஆடை, செருப்பு, குடை முதலியன அதிகாரத்தின் குறிகளாக விளங்கியதையும், கிளர்ச்சியாளர் அவற்றைக் குறிவைத்ததையும் குஹா தம் ‘உழவர் கிளர்ச்சியின் அடிப்படைக் கூறுகள்’ நூலில் விளக்கினார். செருப்பணிய மறுக்கப்பட்ட காலுக்கும் கடிகாரம் பூட்டப்பட்ட கைக்கும் உள்ள தொடர்ச்சியை அவர்வழி நின்று காணலாம்.

இக்கருவி அதிகாரத்தையே காட்டிக்கொடுத்த நிகழ்வும் உண்டு. ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் 100 கோடி நடை, ஓட்டப் பதிவுகளைத் திரட்டி உலக வரைபடமொன்றை வெளியிட்டது. சிரியா, ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளில் வெளிநாட்டுப் படைத்தளங்களின் எல்லைகள் அதில் ஒளிர்வதை 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களப்பகுதிகளில் இடங்காட்டும் கருவிகளைப் பயன்படுத்தத் தடைவிதித்தது. தளங்கள் ஒளிர்ந்ததற்குக் காரணம் அங்கு வீரர் ஓடியது மட்டுமன்று. சூழ வாழ்ந்த மக்கள் அக்கருவியை அணியாததும் ஆகும். வரைபடத்தின் இருள் ஆளற்ற வெளியன்று. அது எண்ணப்படாதோர் வாழும் வெளி.

பஸ்தருக்கு இது நன்கு பொருந்தும். ‘அறியப்படாத மலை’ என்று பொருள்கூறப்படும் அபூஜ்மாட், வருவாய்த்துறையின் நில அளவை நெடுங்காலம் எட்டாத பகுதி. கைப்பேசிக் கோபுரங்களை அரசு வளர்ச்சியின் தூண்களாகக் கண்டது. மாவோயிஸ்டுகள் உளவின் தூண்களாகக் கண்டு பலவற்றைத் தகர்த்தனர். உளவாளி என்னும் ஐயத்தின்பேரில் இயக்கத்தார் ஊர்மக்களைக் கொன்ற நிகழ்வுகளும் பல. கருவியை ஏந்தியவர் ஒரு தரப்புக்கு ஐயத்திற்குரியவர். ஏந்தாமல் இருளில் இருப்பவர் மறுதரப்புக்கு ஐயத்திற்குரியவர். இவ்விரண்டு ஐயங்களின் நடுவே ஆதிவாசிகளின் அன்றாட நடை நிகழ்ந்தது. இயக்கத்தின் இப்பக்கத்தை மென்மைப்படுத்தும் வாசிப்பு நேர்மையான வாசிப்பாகாது.

இடமே சான்றாகும்போது

2012 ஜூன் 28 இரவு, சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டத்துச் சார்கேகூடாவில் பாதுகாப்புப் படையினர் சுட்டதில் 17 பேர் இறந்தனர். அவர்களுள் சிறாரும் அடங்குவர். இறந்தோர் மாவோயிஸ்டுகள் என முதலில் அறிவிக்கப்பட்டது. விதைப்புத் திருவிழா குறித்துப் பேசக் கூடியிருந்தோம் என்றனர் ஊர்மக்கள். ஓய்வுபெற்ற நீதிபதி வி.கே. அகர்வால் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை 2019 இறுதியில் வெளிப்பட்டது. இறந்தோர் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்றில்லை என்றும், படையினர் பீதியால் சுட்டிருக்கலாம் என்றும் அது கண்டது. காட்டில், இரவில், கூட்டமாக இருந்தது என்னும் இருப்பிடச் செய்தியே அன்று அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

அவர்கள் அணிகருவி அணிந்திருந்தால் குற்றமின்மை மெய்ப்பட்டிருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். அக்கருவி காட்டியிருக்கக்கூடியது யாது? காட்டூரில், இரவில், பலர் ஓரிடத்தில் இருந்தனர் என்பதையே காட்டியிருக்கும். எது குற்றமாக வாசிக்கப்பட்டதோ அதையே மேலும் துல்லியமாகக் காட்டியிருக்கும். விதைப்பைப் பற்றிப் பேசினர் என்பதைக் கூற மனிதச் சாட்சியம் வேண்டும். அதைக் கேட்க ஒரு மன்றமும் வேண்டும். அம்மன்றம் தன் முடிவை எட்ட ஏழாண்டுகள் ஆயின.

2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர்க் காவல்துறை, பிணையில் விடப்பட்ட ஒருவரின் கணுக்காலில் ஜிபிஎஸ் கருவியைப் பூட்டியது. அவர்மீதான வழக்கு, மாவோயிஸ்ட் கட்சியைத் தடைசெய்த அதே சட்டத்தின் கீழ்ப் பதிவானது. 2024 ஜூலை 8இல், வேறொரு வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் நடமாட்டத்தைக் காவல்துறை இடையறாது கண்காணிக்க வழிசெய்யும் பிணை நிபந்தனை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறையின் சுவர் கணுக்காலுக்கு இடம்பெயர்வதை அத்தீர்ப்பு தடுக்க முயல்கிறது. கோஹ்லி போன்றோரின் போய்வரும் உரிமை, சட்டத்தின் சொற்களில் இங்கே ஓரளவு காக்கப்படுகிறது.

காலணி ஒன்று சான்றாகிக் கொலைக்கு ஏதுவான கதையைத் தமிழ் நன்கு அறியும். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கண்ட காவலர் அவன் கள்வன் போல் தோன்றவில்லை எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லனோ களவுநூலை எடுத்துரைத்து, கள்வர்க்குத் துணையாகும் எட்டினைப் பட்டியலிடுகிறான். அவற்றுள் இடம், காலம், கருவி ஆகியனவும் உள்ளன. சிலம்பு எங்கே, யார் கையில் இருந்தது என்பதே போதிய சான்றாகிவிடுகிறது. கண்ணகி அவையில் செய்வது அச்சான்றின் வாசிப்பை மாற்றுவதாகும். சிலம்பு எங்கிருந்தது என்பதை விடுத்து, சிலம்பினுள் என்ன இருந்தது என்று அவள் கேட்கவைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைந்த சிலம்பில் மாணிக்கம். உண்மை வெளிப்படுகிறது, கோவலன் மீள்வதில்லை. சார்கேகூடா அறிக்கையைப் படிப்போர்க்கு இவ்வரிசை அந்நியமாகத் தோன்றாது.

முடிவுரை

குஹா சுட்டிய முதல் அடுக்கு ஆவணம் அதிகாரியின் கையெழுத்தில் இருந்தது. அதன் சார்பைச் சொற்களிலிருந்து கண்டறிய இயன்றது. அணிகருவி உருவாக்கும் புதிய முதல் அடுக்கில் சொற்களே இல்லை. இடமும் நேரமும் எண்ணிக்கையும் மட்டுமே உள்ளன. சொல் இல்லாமையால் சார்பும் இல்லை என்னும் மயக்கம் எழுகிறது. வருங்கால ஆய்வாளர் எதிர்கொள்ளப்போவது இம்மயக்கத்தையே.

‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’, ‘நைட்மார்ச்’ ஆகியவற்றின் மதிப்பு அவை கெரில்லாக்களை உயர்த்தினவா தாழ்த்தினவா என்பதில் அடங்குவதன்று. முதல் நூல், அடையாளக் குறி தவறும்போது அதை விளக்க இருதரப்புக்கும் இடமிருக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது. இரண்டாம் நூல், ஒருவர் நின்ற இடத்தைக் கொண்டு அவர் யார் என முடிவுகட்ட இயலாது என்பதை ஏழு இரவு நடையின்வழி மெய்ப்பிக்கிறது. வழியை மறைத்து, வந்த காரணத்தைச் சொல்கின்றன இந்நூல்கள். அணிகருவி வழியை முழுதும் சொல்லி, காரணத்தை விட்டுவிடுகிறது. கிளர்ச்சி முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பின்னரும் பஸ்தரின் ஆதிவாசிகள் இரவில் விதைப்பு பற்றிப் பேசக் கூடுவர். அக்கூட்டத்தை எந்த ஆவணத்தைக் கொண்டு வாசிப்பது என்பது அவர்களின் உயிரோடு தொடர்புடைய வினா. களப்பதிவு இலக்கியத்தை அவ்வினாவின் வெளிச்சத்தில் மீண்டும் வாசிப்பது தமிழ்த் திறனாய்வின் உடனடிப் பணிகளுள் ஒன்று.